கீசருக்காக ஏழையான நாள்

வீட்டைப் பார்த்துத்தான் பிளம்பர் கூலி சொல்வார் என்று நான் நம்பினேன். வாசலில் பைக் நின்றால் ஒரு விலை, கூடத்தில் கலர் டிவி இருந்தால் அதற்கு மேல் ஒரு விலை. வீட்டுக்கார அம்மா கழுத்தில் இரட்டை வடச் சங்கிலி கிடந்துவிட்டால் சொல்லவே வேண்டாம், கீசரின் விலையைக் கீசர் மாட்டும் கூலி தாண்டிவிடும்.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே அப்படித்தான் பிழைத்துக்கொண்டிருந்தேன். சின்னமனூரில் வாழைக்காய் கமிஷன் மண்டி. கேரளாவிலிருந்து குமுளி தாண்டி வருகிற வியாபாரி ஜீப்பில் வந்து இறங்கினால் தாருக்கு ஒரு விலை சொல்வேன். பஸ்ஸில் வந்து, செருப்பெல்லாம் புழுதியோடு நின்றால் மனசு இளகி வேறு விலை சொல்வேன். தான் செய்வதைத்தான் ஊரே செய்யும் என்று நினைக்கிறவனுக்கு நிம்மதி ஏது?

அந்த வருஷம் மகளுக்குத் தலைதீபாவளி. பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது கீசர் தொட்டி ஓட்டை விழுந்து குளியலறைச் சுவரெல்லாம் அழுதது. எங்கள் போர் தண்ணீரின் உப்பு அதை உள்ளுக்குள்ளேயே தின்று முடித்திருந்தது.

"அண்டாவுல காய வச்சு ஊத்துவோம். அந்தக் காலத்துல எல்லாரும் கீசர்லயா குளிச்சாக?" என்றேன்.

"பொண்ணு பாக்க வந்தவகள்ட்ட, மாடியில தனி பாத்ரூமு, திருகுனா வெந்நீருன்னு மூணு தடவ சொன்னது யாரு?" என்றாள் மனைவி.

நான்தான். நான்காவது தடவையும் சொல்லப் பார்த்தேன், அவள்தான் காபியைக் கையில் திணித்து வாயை அடைத்தாள். ஆக, விடியற்காலையில் எண்ணெய் தேய்த்து உட்காரும் மாப்பிள்ளையின் தலையில் திருகினால் வெந்நீர் விழ வேண்டும். இல்லையென்றால் சம்பந்தி வீட்டில் என் வாய்க்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போய்விடும்.

தேனிக்குப் போய்ப் புதுக் கீசர் வாங்கி வந்துவிட்டேன். கூலியை நினைத்துத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் எழுந்து ஏழையாக ஆரம்பித்தேன்.

பைக்கைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் நிறுத்தினேன். டிவியைப் போர்வையில் சுற்றி அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளினேன். செல்போனை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன். துடைக்கப் போட்டிருந்த கிழிந்த பனியனைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டேன். மனைவியிடம் சங்கிலியைக் கழற்றச் சொன்னேன்.

"நல்ல நாளும் அதுவுமா தாலிச் செயினக் கழட்டச் சொல்ற வாயில மண்ணத்தேன் போடணும்" என்று சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அதுவே போதும் என்று விட்டுவிட்டேன்.

பிளம்பர் பத்து மணிக்கு வந்தார். முப்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். பழைய கீசரை இறக்கி, புதுசைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பழைய போல்ட் ஓட்டைகள் பொருந்தவில்லை. சுவரில் புதிதாகத் துளை போட ஆரம்பித்தார். ஒவ்வொரு 'டர்ர்'ருக்கும் ஐம்பது ரூபாய் ஏறுவதாக எனக்குப் பட்டது. உடனே புலம்பலைத் தொடங்கினேன்.

"காத்துல மரமெல்லாம் சாஞ்சுபோச்சு தம்பி. காய் வெல அதலபாதாளம். கல்யாணக் கடன் வேற..."

கீழே அரிசி டிரம் மணியடித்தது.

"அண்ணே, போன் அடிக்குது."

"அது பக்கத்து வீட்டுல தம்பி."

மூன்று தடவை அடித்து ஓய்ந்தது. நான் கல்யாணக் கடனை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். வட்டியைக் கூட்டிச் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், மாடிப்படியில் பெட்டியோடு மாப்பிள்ளை நிற்கிறார். சாயங்காலம் வர வேண்டிய மகளும் மாப்பிள்ளையும் காலையிலேயே வந்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து அழைத்தது அவர்தான்.

"வாங்க மாப்ள" என்றேன், பனியன் கிழிசலைக் கையால் மூடியபடி. பிளம்பர் பக்கத்திலேயே இருந்ததால் விளக்கவும் வழியில்லை. கண்ணடித்துக் காட்டினேன். என் கண்ணில் தூசி விழுந்துவிட்டதாக நினைத்து அவர் கைக்குட்டையை நீட்டினார்.

கீழே கூட்டிக்கொண்டு வந்தேன். டிவி இருந்த இடத்தில் தூசி சதுரமாகக் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிவி எங்க மாமா?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு மாப்ள."

"வண்டி?"

"அதுவும்தேன்."

சமையலறையில் மனைவி மகளிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டாள் போல. இரண்டு பேரும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். முதுகைப் பார்த்தால் அது அழுகை மாதிரியே இருந்தது. மாப்பிள்ளை அந்த முதுகுகளை மட்டும்தான் பார்த்தார். அதன்பிறகு அவர் எதையும் கேட்கவில்லை.

நான் உள்ளறைக்குப் போய் பீரோவிலிருந்து பணம் எடுத்தேன். என் கணக்கு இதுதான்: பிளம்பர் எண்ணூறு சொல்வார், நான் இருநூறில் ஆரம்பிப்பேன், பனியனைத் தடவிக்கொண்டே நானூறில் முடிப்பேன். நூறு ரூபாய்த் தாள்களைத் தனித்தனியாகக் கசக்கி, ரொம்ப நாள் சேர்த்து வைத்த பணம் மாதிரி ஆக்கினேன். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வெளியே வந்தபோது பிளம்பர் சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"எம்புட்டு தம்பி?"

"குடுத்துட்டாகண்ணே. உங்க மருமகன்."

கசக்கிய தாள்களைக் கைக்குள் மடக்கிக்கொண்டேன். "எம்புட்டு கேட்ட?"

"முந்நூறு. பழசக் கழட்டி புதுச மாட்டுனா எங்களுக்கு அதுதேன் கூலி. பைப்பு, டேப்புக்குத் தனி. டாக்டர் வீட்டுக்கும் முந்நூறுதேன், கூரை வீட்டுக்கும் முந்நூறுதேன்." வாசலுக்குப் போனவர் திரும்பிப் பார்த்தார். "மண்டியில உங்களுக்குத் தண்ணி லைன் இழுத்தது எங்க அண்ணன்தேன். பக்கத்து வீட்டுல நிக்கிற வண்டியில ஏர் கம்மியா இருக்கு, பாத்துக்கங்க."

அவர் தலை மறைந்ததும் டிவியைத் தூக்கிக்கொண்டு வந்து பழைய இடத்தில் வைத்தேன். மாப்பிள்ளை போர்வையை விலக்கிப் பார்த்தார். அரிசி இரண்டு உதிர்ந்தது.

"அதுக்குள்ள ரிப்பேர் பண்ணிட்டாங்களா மாமா?" என்றார். அப்போதுதான் சமையலறை முழுசாக வெடித்துச் சிரித்தது. எல்லாவற்றையும் சொன்னேன். முந்நூறை நீட்டினேன். கசங்கிய தாள்களைப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார், வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் விடியற்காலை மேகமலைக் குளிரில் அவர் மாடியில் குழாயைத் திருகினார். வெந்நீர் வந்தது. அதை மாட்டிய கூலியைத் தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைதான் கொடுத்திருந்தார்.