கத்தரீனாளின் இருபத்திரண்டு தந்திகள்

கத்தரீனாள் வாய்விட்டுப் பாடி நாற்பது வருடம் ஆகிறது. வாயைத் திறக்க மாட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவாள், எல்லாப் பாட்டுக்கும் வாயைத் திறந்து திறந்து மூடுவாள். சத்தம் மட்டும் வராது. பக்கத்தில் நிற்பவளுக்குக்கூட இது தெரியாது, அத்தனை பழக்கம்.

இந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டவர் பாட்டு வாத்தியார் பிச்சைமணி. ஆயர் வருகிறார் என்று கோயிலில் பிள்ளைகளைப் பாட்டுக்குப் பழக்கியபோது, பதினொரு வயதுக் கத்தரீனாள் முன் வரிசையில் நின்று தொண்டை கிழியப் பாடினாள். பிச்சைமணி ஆர்மோனியத்தை நிறுத்தினார். முப்பது பிள்ளைகள் பார்க்க விரலை நீட்டி, "ஏ பிள்ள, ஒனக்குச் சுருதி சேரல. நீ வாய மட்டும் அசை, போதும்" என்றார். அவ்வளவுதான். அவர் அன்றைக்கே மறந்திருப்பார், அவள் மறக்கவில்லை. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. இப்போது அறுபத்தைந்து, ஆர்மோனியம் போய்க் கீபோர்டு வந்துவிட்டது, விரலை நீட்டுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. பாட்டுக்காரப் பெண்கள் ஒரு சரணம் பாடுவதற்குள் சுருதி மெல்ல இறங்கிவிடும், அவர் படாரென்று நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார். நடுப்பூசையில் ஒரு பாட்டு மூன்று தடவை தொடங்கியதும் உண்டு. கடவுளுக்குப் பொறுமை அதிகம்.

கேரளத்து இடுக்கி மலையில், ஏலப்பாறைக்கு மேலே உள்ள ஒரு தேயிலை எஸ்டேட், அதில் மூணாம் டிவிஷன். கத்தரீனாளுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. கணவர் சூசையப்பன் ஃபேக்டரியில் மெஷின் பார்க்கிறார், கூடவே சங்கு ஊதுகிற பொறுப்பும் அவருக்குத்தான். மூணாம் டிவிஷனில் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. சங்குக்கு எழுந்து, சங்குக்கு உலை வைத்து, சங்குக்குச் சண்டையை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிற ஊர் அது. பட்டனைப் பிடித்து அழுத்தினால், அழுத்துகிற வரைக்கும் ஒரே குரலில் நிற்கும். கத்தரீனாள் பிறக்கும் முன்பிருந்தே உள்ள சங்கு, இருபத்தாறு வருடமாகச் சூசையப்பன் கைதான் அதன்மேல். "என் சங்கு" என்றுதான் சொல்வார். மேனேஜர்கூட அதை மறுத்ததில்லை.

மகள் பின்சி அயர்லாந்தில் நர்ஸ். போன வருடம் ஓணத்துக்கு லீவில் வந்தபோது ஒரு பெட்டியை அணைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். உள்ளே ஹார்ப். அவள் குடியிருந்த வீட்டுக்காரம்மா வீடு மாறும்போது கொடுத்ததாம். மடியில் வைக்கிற அளவு, இருபத்திரண்டு தந்திகள், அதில் சில சிவப்பு, சில நீலம்.

சூசையப்பன் அதைச் சுற்றி வந்து பார்த்தார். "இதென்னட்டி, பாதியில நின்ன கட்டிலு மாதிரி இருக்கு?"

"தாவீது ராசா வாசிச்சதுப்பா. ஷோவுக்கு வைக்கலாம்னு கொண்டு வந்தேன்."

ஷோவுக்கு டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பின்சி விமானம் ஏறிவிட்டாள். மறுநாள் தூசி துடைக்கப் போன கத்தரீனாளின் விரல் ஒரு தந்தியில் பட்டது. ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அவள் துணியைக் கீழே போட்டுவிட்டாள். இன்னொரு தடவை தொட்டாள், மறுபடியும் வந்தது. யாரும் விரலை நீட்டி நிறுத்தச் சொல்லவில்லை. ஐம்பத்தோராவது வயதில் அவளுக்கு ஒரு வெறி பிடித்தது. கோயிலில், அந்தப் பீடத்துக்கு முன்னால், தன்னிடமிருந்து ஒரு தடவையாவது சத்தம் வர வேண்டும். வாயிலிருந்து வராவிட்டால் விரலிலிருந்தாவது வரட்டும்.

பின்சிதான் ஃபோனில் ஒரு குழுவைத் தேடிப் பிடித்துச் சேர்த்துவிட்டாள். வயது போன பிறகு ஹார்ப் கற்க ஆசைப்பட்ட எழுபத்திரண்டு பேர், உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும். நோரா என்று ஒரு அயர்லாந்து அம்மா சொல்லித் தருகிறாள். ஞாயிறு நாலரை மணிக்கு வகுப்பு. முதல் நாளே நோரா, எல்லாரும் மைக்கை மியூட் செய்துகொண்டு வாசியுங்கள், சேர்ந்து வாசித்தால் இணையத்தில் குழம்பிவிடும் என்றாள். பின்சி ஃபோனில் மொழிபெயர்த்ததும் கத்தரீனாள் சிரித்துவிட்டாள். "இதுக்கு எனக்குப் பாடமே வேண்டாம்ட்டி. நாப்பது வருச சர்வீசு."

அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் எஸ்டேட் இங்கிலீஷ். அதை வைத்துக்கொண்டு குழுவில் தினமும் செய்தி அனுப்புவாள். 'குட் மார்னிங். டுடே மஸ்டர். ரைட் ஹாண்ட் பிரசன்ட். லெஃப்ட் ஹாண்ட் ஆப்சென்ட்.' அதாவது, இன்றைய ஆள் கணக்கில் வலது கை வேலைக்கு வந்துவிட்டது, இடது கை வரவில்லை. குழுவே சொக்கிப்போயிற்று! ஒரு மாதத்துக்குள் ஜப்பானில் இருக்கிற பல் டாக்டர் ஒருவர் 'சுண்டுவிரல் ஆப்சென்ட்' என்று எழுதினார். நோராவே வகுப்புத் தொடங்கும்போது மஸ்டர் எடுக்க ஆரம்பித்தாள்.

வாசிப்பதில்தான் ஒரு வில்லங்கம். முப்பது வருடம் கொழுந்து பறித்த கை அது. நாலு பறி பறித்தால் ஐந்தாவதில் தோளுக்கு மேலே கொண்டுபோய் முதுகுக் கூடையில் போட்டுத்தான் பழக்கம். தந்தியிலும் அதே கதை. நாலு சுரம் மீட்டுவாள், ஐந்தாவதில் கை தானாக எழுந்து தோளுக்குப் பின்னால் எதையோ போட்டுவிட்டு வரும். இதென்ன கையழகு என்று குழுவில் கேட்டார்கள். "கூடையில போடுறது" என்று பின்சி சொல்லிவைக்க, அடுத்த வாரம் எழுபத்திரண்டு சதுரத்திலும் எழுபத்திரண்டு பேர் இல்லாத கூடையில் இல்லாத கொழுந்தைப் போட்டார்கள். நோராவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் சுருதி சேர்க்க வேண்டுமே? அதற்கு ஃபோனில் ஒரு ஆப் உண்டு, தந்தியை மீட்டினால் முள் நடுவில் வந்து பச்சை காட்டும் என்றாள் நோரா. காட்டியிருக்கும், அயர்லாந்தில். எஸ்டேட் லயத்து வரிசை வீட்டுக் கூரை தகரம், அதன்மேல் இடுக்கி மழை. ஆப் தந்தியை விட்டுவிட்டு மழைக்குச் சுருதி பார்த்தது. முள் பேயாட்டம் ஆடியது. கத்தரீனாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

சூசையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஏட்டி, மாறாத சத்தம் ஒண்ணு வேணும், அவ்வளவுதான? என் சங்கு இருக்கே. மழ வந்தாலும் காத்தடிச்சாலும் இருவத்தாறு வருசமா ஒரு மயிரிழை மாறினதில்ல."

அப்படியே செய்தார்கள். காலைச் சங்கு ஊதும்போது வாசலில் உட்கார்ந்து, திருகுசாவியால் நடுச் சிவப்புத் தந்தியைச் சங்கோடு சேர்ப்பாள். அதிலிருந்து ஏறியும் இறங்கியும் மற்ற இருபத்தொன்றையும் காதாலேயே சேர்த்துவிடுவாள். தனியாக வாசித்தால் ஒரு குற்றம் சொல்ல முடியாது. வாசித்துப் பதிந்து அனுப்பினால் குழுவில் கைதட்டல் படங்கள் வந்து குவிந்தன.

இப்படியே ஒரு வருடம் ஓடி, செப்டம்பர் மாதா திருநாளும் நெருங்கியது. கத்தரீனாள் கோயில் சாமியாரான அச்சனிடம் போய்க் காணிக்கைப் பாட்டுக்கு ஹார்ப் வாசிக்கட்டுமா என்று கேட்டாள். கோட்டயம் பக்கத்து மலையாளத்து அச்சன், "கொள்ளாம், கொள்ளாம்! நல்ல காரியம்!" என்று எழுந்தே விட்டார். பிச்சைமணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அச்சன் சொல்லை மறுக்க முடியாதே.

சனிக்கிழமை மத்தியானம் ஒத்திகை. பிச்சைமணி கீபோர்டில் கை வைத்தார், கத்தரீனாள் தந்தியில் கை வைத்தாள். ஐயோ, அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்ல! இரண்டும் ஒன்றையொன்று கடித்துக் குதறின. பாட்டுக்காரப் பெண்களில் மூத்தவள் சாந்தம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

பிச்சைமணி கீபோர்டை நிறுத்தினார். விரல் நீண்டது. "அன்னிக்கே சொன்னேன்ல? சுருதிங்கிறது ஒனக்குப் பொறப்புலயே கெடையாது."

கத்தரீனாள் எழுந்துவிட்டாள். ஹார்ப்பைப் பெட்டியில் வைத்து வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தி அழுதாள். பிறகு குழுவுக்கு எழுதினாள்: 'டுடே ஆல் ஆப்சென்ட்.'

அரை மணி நேரத்தில் அறுபது பேர் என்னம்மா ஆச்சு என்று கேட்டுவிட்டார்கள். நடந்ததைச் சொன்னதும், எதை வைத்துச் சுருதி சேர்த்தாய் என்று நோரா கேட்டாள். ஐந்து மணிச் சங்கையும், கூடவே தந்திகளையும் ஃபோனில் பிடித்து அனுப்பினாள் கத்தரீனாள். மூணாம் டிவிஷன் சங்கு ஜப்பான் வரைக்கும் ஊதியது. பதிலைப் பின்சி ஃபோன் போட்டுச் சொன்னாள்.

"அம்மா, நம்ம சங்கு கீபோர்டுல உள்ள ரெண்டு கட்டைக்கு நடுவுல நிக்குதாம். அதான் ஒத்துப்போகல. ஆனா நீ சங்குக்கு அச்சடிச்ச மாதிரி சேத்திருக்கியாம். இப்பிடி இருவத்திரண்டு தந்தியவும் காதாலயே சேக்க நோராவாலயே முடியாதாம். ஒனக்கு நல்ல காதும்மா."

"என்னது? இன்னொரு தடவ சொல்லு."

"நல்ல காது. நல்ல காதுன்னு எழுதியிருக்காங்க."

மூன்றாவது தடவையும் சொல்ல வைத்துக் கேட்டாள். அடக்க முடியாத சந்தோஷம், கூடவே ஆற்றாமை. நாற்பது வருடம் போனது போனதுதானே.

இனி இத்தனை தந்தியையும் மாற்றினால் நாளைக்குள் நிலைக்காது, கீபோர்டிலேயே சுருதியைச் சற்று இறக்க ஒரு பட்டன் இருக்கும், அதை அழுத்தச் சொல் என்றாள் நோரா. கத்தரீனாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே பிச்சைமணி வீட்டுக்கு நடந்தாள்.

"பட்டனா?" என்றார் பிச்சைமணி. "ஆயர் மந்திரிச்சுக் கொடுத்த கீபோர்டு. அது ஒரு ஃபேக்டரிச் சங்குக்கு இறங்கி வரணுமாம், ஒன் தந்தி ஏறி வராதாம்! அச்சன்ட்ட சொல்லிட்டதால நீ வந்து ஒக்காரு. தந்தியத் தொடாத. கைய மட்டும் அசை, போதும்."

இதைக் கேட்டதும் சூசையப்பனுக்கு வந்ததே கோபம்! மனைவியைச் சொன்னதற்குப் பாதி, சங்கைச் சொன்னதற்குப் பாதி. கொழுந்து மட்டுமீறி வந்துகொண்டிருந்ததால் திருநாள் ஞாயிறன்றும் ஃபேக்டரி ஓடியது, அவருக்கு டியூட்டி. காலையில் கிளம்பும்போது, "எட்டு மணிக்கு எது தப்புன்னு ஊருக்கே தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பூசை ஏழரைக்குத் தொடங்கியது. ஹார்ப்புக்கு மல்லிகைச் சரம் சுற்றி, கீபோர்டுக்குப் பக்கத்தில் கத்தரீனாளை உட்கார வைத்திருந்தார்கள். காணிக்கைப் பாட்டுக்குப் பிச்சைமணி சுருதி கொடுத்தார். பெண்கள் எடுத்தார்கள். கத்தரீனாள் தந்திக்கு அரை விரல் தள்ளிக் காற்றில் கையை அசைத்தாள், கூடவே வாயையும் அசைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. முதல் சரணத்திலேயே வழக்கம்போலப் பெண்களின் சுருதி இறங்கியது. பிச்சைமணி படாரென்று கையைத் தூக்கினார்.

அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது.

மற்ற ஞாயிறுகளில் ஃபேக்டரி கிடையாது, பூசை நடுவே சங்கு கேட்டதே இல்லை. இன்றைக்குக் கேட்டது. பெண்களின் குரல் இறங்கி இறங்கி எங்கே வந்து நின்றிருந்ததோ, சங்கும் சரியாக அங்கேயே நின்றது. ஒரு மயிரிழை பிசகில்லை. பிறந்ததிலிருந்து அந்தச் சங்குக்கே எழுந்து, அதற்கே நடந்து, அதற்கே சோறு தின்ற பெண்கள், பின்னே வேறெங்கே போய் நிற்பார்கள்? சாந்தம்மாள் நிறுத்தவில்லை. யாருமே நிறுத்தவில்லை.

கத்தரீனாளுக்குப் புரிந்துவிட்டது. முன்வரிசையில் நின்ற அந்தப் பதினொரு வயதுப் பிள்ளை எந்தச் சுருதியில் பாடினாள் என்பது இப்போதுதான் புரிந்தது. அவள் விரல் சிவப்புத் தந்தியில் விழுந்தது. சங்கும் தந்தியும் பெண்களின் குரலும் ஒன்றோடு ஒன்று போய் ஒட்டிக்கொண்டன. நாலு சுரம் மீட்டினாள், கை தோளுக்கு மேலே போய்க் கூடையில் போட்டுவிட்டு வந்தது, மறுபடி மீட்டினாள்.

வழக்கமாக ஒரு நிமிடம் ஊதுகிற சங்கு அன்றைக்கு மூன்று நிமிடம் ஊதியது. அது நின்றபோது பாட்டு நிற்கவில்லை, தந்தி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் சரணத்தில் சாந்தம்மாள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பக்கத்திலிருந்து ஒரு புதுக் குரல். முதலில் கரகரவென்று வந்து, ஒரு தடவை தடுக்கி, பிறகு வாய் நிறைய வந்தது. நாற்பது வருடம் உள்ளே கிடந்த சத்தமல்லவா, அச்சன் காணிக்கைத் தட்டைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

பூசை முடிந்ததும் கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. எல்லாரும் நகர்ந்த பிறகு பிச்சைமணி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. தொண்டையைச் செருமினார்.

"ஏ கத்தரீனா. அந்தப் பட்டன் எங்க இருக்குன்னு ஒன் ஆளுங்ககிட்டக் கேட்டுச் சொல்லு."

"கேட்டுச் சொல்றேன் வாத்தியாரே" என்றாள் கத்தரீனாள், ஹார்ப்பைத் துண்டால் துடைத்துக்கொண்டே. "அதுவரைக்கும் நீங்க விரல மட்டும் அசைங்க, போதும்."

மூன்று நிமிடம் சங்கு ஊதியதற்குச் சூசையப்பனுக்கு ஆபீசிலிருந்து மெமோ வந்தது. அதைக் கிழிக்காமல் கொண்டுவந்து டிவிக்குப் பக்கத்தில், ஹார்ப் பெட்டிக்கு மேலே, எல்லாரும் பார்க்கும்படி ஒட்டினார்.

நாலரை மணிக்கு வகுப்பு தொடங்கும் முன் எழுபத்திரண்டு பேரும் காத்திருந்தார்கள். கத்தரீனாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள்.

'டுடே மஸ்டர். ரைட் ஹாண்ட் பிரசன்ட். லெஃப்ட் ஹாண்ட் பிரசன்ட். வாய்ஸ் பிரசன்ட்.'