எபனுக்கு ஒரு நாற்காலி

உப்புக் குப்பியை மேசையின் நடுவுக்கு நகர்த்தினால் எபன் விட்லாக் மேடை ஏறிவிட்டார் என்று அர்த்தம். மிளகுக் குப்பி எதிராளி. கெட்சப் பாட்டில் வானொலி நிலையம். லோவல் பிராண்ட்வோல்ட் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறார்.

"சரி, இன்னைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு. வீட்டுக்கு வீடு ரேடியோ வந்தாச்சு. எபன் பேசப்போறார். யாரும் குறுக்க பேசப்படாது."

"முப்பத்தாறைப் போன வாரமே முடிச்சாச்சே," என்கிறார் பன்றிப் பண்ணை மெர்ல், சில்லிக் குழம்பில் இலவங்கப்பட்டை ரொட்டியைத் தோய்த்தபடி. "உன் ஆள் தோத்துட்டார்."

"அது செல்லாது. அன்னைக்கு ட்வைலா நடுவுல வந்து காப்பி ஊத்தினா. கவனம் சிதறிப்போச்சு. இது மறுதேர்தல்."

"பழியை என் மேல போடுங்க," என்றபடி கடைக்கார ட்வைலா மறுபடியும் காப்பி ஊற்றுகிறாள்.

மில்லர்ஸ் பென்ட் ஊரின் ஒரே சாப்பாட்டுக் கடையில் இருபது வருடமாக இந்தக் கூத்து நடக்கிறது. செவ்வாய்தோறும் எபனை ஏதாவது ஒரு வருடத்தில் நிறுத்திப் பார்க்கிற ஒரு தேர்தல். அயோவா மாநிலத்தில் அரசியல் பேசாத ஆள் கிடையாது. ஆனால் செத்து நூறு வருடம் ஆனவருக்காக இன்னும் ஓட்டுக் கேட்கிற ஆள் லோவல் ஒருவர்தான்.

எபன் விட்லாக் இந்த ஊர்க்காரர். விதை வியாபாரி. 1892இல் விவசாயிகளின் சின்னக் கட்சி ஒன்று அவரை ஜனாதிபதித் தேர்தலில் நிறுத்தியது. நாடு முழுக்கத் தோற்றார். அதை ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சொந்த ஊரிலும் தோற்றார், நூற்றுப் பதின்மூன்றுக்கு நூற்றுப் பன்னிரண்டு. அந்த ஒற்றை ஓட்டுதான் லோவலைத் தூங்கவிடாத ஓட்டு. ஏனென்றால் எதிராளிக்கு விழுந்த நூற்றுப் பதின்மூன்றில் ஒன்று எபனே போட்டது. தன் பெயருக்குத் தானே குறி போடக் கூச்சமாக இருந்தது, எதிராளிக்கே போட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று தங்கைக்கு எழுதிய கடிதம் ஊர் நூலகத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. லோவலுக்கு அது மனப்பாடம்.

"மனுசன்னா அவர் மனுசன்," என்பார். சொல்லும்போது கண் லேசாகக் கலங்கும். கிண்டல் செய்கிற மெர்ல்கூட அந்த ஒரு நிமிடம் குழம்புக் கிண்ணத்தைப் பார்த்துக்கொள்வார்.

லோவலுக்கு எழுபத்திரண்டு வயது. முப்பத்தோரு வருடம் தபால்காரர். நடந்து போகிற தபால்காரர் அல்ல. தொண்ணூற்று நான்கு மைல் மண்பாதையில் காரிலேயே போய், சாலையோரப் பெட்டிகளுக்கு ஜன்னல் வழியே கடிதம் போட்டவர். ஊரெல்லாம் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்ட, இவர் மட்டும் பெட்டிக்கு எட்டும்படி வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டினார். ஓய்வு பெற்றுப் பத்து வருடம் ஆகியும் சொந்தக் காரில் வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறி, ஸ்டியரிங் எங்கே என்று தேடுவார். பிறகு யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், எதையோ எடுக்க வந்தவர் மாதிரி முன்பெட்டியைத் திறந்து மூடிவிட்டு இறங்குவார். கடை ஜன்னலில் நாலு பேர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

எபனின் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாதாம். அதனால் மைக் இல்லாத காலத்தில் தோற்றார் என்பது லோவலின் வாதம். ரேடியோ காலத்தில் நிறுத்தினால்? குரல் சமையலறைக்குள்ளேயே வந்துவிடும். ஆனால் எபனுக்கு ஒரு கெட்ட பழக்கம்: தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு ஒரு நிமிடம் யோசிப்பார். ரேடியோவில் ஒரு நிமிட மௌனம் என்றால் ஜனங்கள் பெட்டி கெட்டுவிட்டதென்று தட்டத் தொடங்கிவிடுவார்கள். ரயிலில் ஊர் ஊராகப் போய் வண்டியின் பின்கட்டில் நின்று பேசிய காலம்? எபனுக்கு ரயில் ஏறினால் வாந்தி. டிவி காலம்? இடது காது பெரியது. "விளக்கைச் சாய்ச்சு வைக்கலாம்," என்று லோவல் அதற்கும் வழி வைத்திருந்தார். கைப்பேசிக் காலம்தான் அவருக்கும் கைகொடுக்கவில்லை. நான்கு பக்கத்துக்குக் குறைந்து கடிதமே எழுதத் தெரியாத மனிதரை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

இந்தத் தேர்தல்களில் ஓட்டில்லாத ஒரே ஆள் லோவலின் மனைவி ஆர்டிஸ். இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். கண்ணாடியில் பார்த்தே பின்சீட்டுப் பிள்ளைகளை அடக்கிய கண். இன்னும் அதே பார்வைதான். போன இலையுதிர் காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கணவரைத் தேடி வந்தவர், மேசை அருகே நின்று உப்புக் குப்பியைப் பார்த்தார்.

"எல்லா வருசத்துலயும் நிறுத்திட்டே லோவல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுல மட்டும் ஏன் நிறுத்தவே மாட்டேங்கறே?"

"அந்த வருசத்துல என்ன இருக்கு?"

"பொம்பளைங்களுக்கு ஓட்டு இருக்கு. அவர் பெண்டாட்டி டில்டா போட்டிருப்பா."

லோவல் விரலால் கணக்குப் போட்டார். "ஒரு ஓட்டு சேர்ந்தா சமம்தான் ஆகும்."

"டில்டா தனியாவா வருவா? சர்ச்சுத் தையல் கூட்டத்தையே இழுத்துக்கிட்டு வருவா."

மெர்ல் விடவில்லை. "அவ புருசனுக்குத்தான் போடுவான்னு என்ன நிச்சயம் ஆர்டிஸ்?"

"அவர் வந்து பக்கத்துல நின்னிருந்தா போட்டிருப்பா," என்றார் ஆர்டிஸ். "வரணுமே! தனக்கே போட்டுக்கக் கூச்சப்படற மனுசன்."

கடையே சிரித்தது. லோவலும் சிரித்தார். ஆனால் உப்புக் குப்பியை அன்று அதன் இடத்தில் அவரே திருப்பி வைத்தார். காரில் ஏறும்போது சரியான பக்கம் ஏறினார். மனிதருக்கு உள்ளே எங்கேயோ சுருக்கென்றது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அந்த மாதமே ஆர்டிஸ் ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார். இவர்கள் கட்சியில் ஜனாதிபதி வேட்பாளராகப் போட்டியிட்டவர்களில் ஒருவர், மாட்டு மருத்துவராக இருந்து அரசியலுக்கு வந்த பெண்மணி. ஊரில் அவரை யாரும் சட்டைசெய்யவில்லை. ஆர்டிஸ் அவருக்கு ஊரில் ஆள் சேர்க்கும் தலைமை ஆளாகப் பெயர் கொடுத்து, அறுவை சிகிச்சை செய்த முழங்காலோடு மூன்று மாதம் பனியில் கதவு கதவாகத் தட்டினார். வீட்டில் ஒரே ஒரு கதவை மட்டும் தட்டவில்லை. லோவலிடம் அவர் கேட்கவே இல்லை. கேட்டால் அவர் படுகிற சங்கடத்தைப் பார்க்க ஆர்டிஸுக்கு மனம் வராது; கேட்காமல் இருப்பதைப் பார்த்து லோவலுக்கு அதைவிடச் சங்கடம். நாற்பத்து மூன்று வருடத் தாம்பத்தியத்தில் இப்படி ஒரு மௌனம் வந்து சாப்பாட்டு மேசையில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்துகொண்டது.

காரணம் இதுதான். அயோவாவில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஊரார் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் கூடி, ஆளுக்கொரு மூலையில் போய் நிற்பார்கள். தலையை எண்ணுவார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை கலைந்துவிடும். கலைந்தவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம். லோவல் நான்கு வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர்க் குழாய் இருக்கும் மூலையில் எபன் விட்லாக்குக்காகத் தன்னந்தனியாக நிற்பார். பக்கத்தில் ஒரு மடக்கு மர நாற்காலி. எபனின் கடையை இடித்தபோது குப்பையிலிருந்து மீட்டது. அதில் யாரும் உட்காரக்கூடாது. போன தடவை, முழங்காலில் தையல் பிரிக்காத சமயத்தில் ஆர்டிஸ் உட்காரப்போய், "அது எபன் இடம்," என்று லோவல் சொல்ல, ஆர்டிஸ் போய்ப் படிக்கட்டுப் பலகையில் உட்கார்ந்தார். எண்ணி முடித்து, "லோவல், நீங்க ஒரே ஆளு, கலைஞ்சாச்சு," என்று அறிவித்ததும் லோவல் கோட்டை மாட்டிக்கொண்டு, நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். ஒரு தடவைகூட வேறு மூலைக்குப் போனதில்லை.

இந்தப் பிப்ரவரியில் ஐம்பத்தெட்டு பேர் வந்திருந்தார்கள். ஒன்பது பேர் இருந்தால்தான் மூலை நிற்கும். கூட்டத்தை நடத்திய நூலகர் கோனி முதல் சுற்றை எண்ணினார்.

"ஆர்டிஸ் மூலை, எட்டு. ஒண்ணு குறையுது. லோவல், வழக்கம்போல ஒண்ணு. கால் மணி நேரம் இருக்கு, இடம் மாறறவங்க மாறிக்கலாம்."

கால் மணி நேரத்தில் கூடம் சந்தையாகிவிட்டது. மெர்ல் தன் மூலையின் சார்பில் சாக்லேட் பிஸ்கட் தட்டோடு வந்தார்.

"எபனுக்கும் சேர்த்து ரெண்டு எடுத்துக்கோ. வந்துடுப்பா எங்க பக்கம்."

லோவல் இரண்டையும் தின்றார். "எபன் நன்றி சொல்லச் சொன்னார்," என்றார். நகரவில்லை.

கூடத்தின் எதிர்மூலையில் ஆர்டிஸ் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். பஸ்ஸில் ஏற்றி வளர்த்த பெண்ணொருத்தி, "சாரி மிஸஸ் பிராண்ட்வோல்ட்," என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆர்டிஸ் வலது காலிலேயே பாரத்தைப் போட்டு நின்றார். இந்தப் பக்கம் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று பார்க்காமலிருப்பது கூடத்தின் இந்தக் கோடிவரை தெரிந்தது. மூன்று மாதம் பனியில் நடந்தவர் ஒரு தலை குறைந்து கலைந்துபோவதை லோவலால் தாங்க முடியவில்லை.

நிமிர்ந்தார். கோட்டை மாட்டினார். நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எபனைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பறார் பாரு," என்றார் மெர்ல்.

கதவுக்குப் போகிற பாதையில் பாதி தூரம் போனார். கூடைப்பந்துக் களத்தின் நடு வட்டத்தில் நின்றார். ஒரு நிமிடம் யோசித்தார். ரேடியோவாக இருந்தால் ஜனங்கள் பெட்டியைத் தட்டியிருப்பார்கள்.

"நேரம் முடிஞ்சது," என்றார் கோனி. "ஆர்டிஸ் மூலை, ஒவ்வொருத்தரா நம்பர் சொல்லுங்க."

ஒன்று, இரண்டு என்று போய், "எட்டு," என்றார் ஆர்டிஸ், பஸ் ஓட்டிய குரலில்.

"ஒம்பது."

அந்தக் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டவில்லை. கோனி கையைக் காதில் வைத்தார். "யாரது? கேக்கலையே."

"ஒம்பது!" என்று லோவல் கத்தினார். கூடமே திரும்பிப் பார்த்தது.

ஆர்டிஸ் மட்டும் திரும்பவில்லை. அவருடைய காதோரம் சிவந்திருந்தது. லோவல் அவர் பின்னால் போய் நாற்காலியை விரித்தார். கோட்டுக் கையால் பலகையை இரண்டு தடவை துடைத்தார். பிறகு மெல்ல முன்னால் தள்ளினார், அதன் விளிம்பு ஆர்டிஸின் வலிக்கிற காலைத் தொடுகிற மட்டும்.

"உக்காரு," என்றார்.