தாம்பூலத் தட்டை வாங்குவதற்கு முன்

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு பக்கம் படிக்க ஒரு காலைப் பொழுது போய்விடும். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. மெதுவாகப் படித்தது மனசை விட்டுப் போகாது.

அந்த வாட்ஸ்அப் புலனக் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டவன் ஒரு பேராசிரியர். ஊருக்குப் பேராசிரியர், எனக்கு வெறும் ‘அவன்’தான். மஸ்ஜித் தானா பக்கம் எங்கள் பழைய ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவள் நான். அவன் அம்மா பால்மரம் வெட்டப் போன நாளெல்லாம் அவன் என் இடுப்பில்தான் இருந்தான்.

தோட்ட வரலாற்றை ஆராய்கிறவர்களின் குழு அது. விரிவுரையாளர்கள், ஆசிரியர்கள், பெரிய படிப்புப் படிக்கிற பிள்ளைகள். “பெரியம்மா, உங்கள மாதிரி ஆளுங்க பேசினாத்தான் எங்க ஆய்வுக்கே மதிப்பு” என்றான். எனக்கு எழுத வராது என்பதால், மைக்கை அழுத்தி மேலே தள்ளிவிட்டால் கையை எடுத்தாலும் பேச்சு பதிவாகும் என்று சொல்லிக்கொடுத்தான். நான் பேசினால் எல்லாரும் கும்பிடு படம் போடுவார்கள்.

தேர்தல் வந்தது. வரலாறு போய்விட்டது. பாதிப் பேர் பழைய கட்சி, பாதிப் பேர் புதிய கூட்டணி. “மதிப்பிற்குரிய முனைவர் அவர்களே” என்று ஆரம்பித்து, நாய், கழுதை என்று முடிப்பார்கள். குருபோங்கில் என் மகன் வீட்டில் துணி காயப்போட்டுவிட்டு உட்கார்ந்து, இவர்கள் சண்டையைத்தான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் யாரோ கேட்டார்கள், தோட்டத்தை விற்றபோது சனங்கள் ஏன் சண்டை போடாமல் போனார்கள் என்று. நான் தூக்கி வளர்த்த அவன் புதிய கூட்டணிப் பக்கம்; நீளமாகப் பதில் எழுதினான். அதற்குள் என் வீட்டுக்காரர் இருந்தார். பெயர் போடவில்லை. எங்கள் தோட்டத்தின் கட்சிக் கிளைத் தலைவர் என்று எழுதியிருந்தான். அது ஒரே ஆள்தான். ‘முதலாளியிடம் வாங்கித் தின்றுவிட்டு, சனங்களை ஆட்டு மந்தை போல் லாரியில் ஏற்றி அனுப்பியவர்.’ எழுத்தைத் தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று திரும்பவும் படித்தேன். தப்பில்லை. கீழே வரிசையாகக் கைதட்டல் படம்.

என் வீட்டுக்காரர் அந்தப் பழைய கட்சிக்காரர்தான். கண்ணை மூடும்வரை அந்த ஒரே சின்னத்துக்குத்தான் ஓட்டுப் போட்டார். அதை முட்டாள்தனம் என்று நானே அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். ஆனால் யாரிடமும் வாங்கித் தின்னவில்லை. செத்த மனிதர் வந்து பதில் சொல்ல முடியாது. நான் இருக்கிறேன்.

மைக்கை அழுத்தினேன். “தம்பி, அவரு வாங்கித் தின்னத நீ பாத்தியா?” அவ்வளவுதான் கேட்டேன்.

“பெரியம்மா, இது தனிப்பட்ட விஷயம் இல்லை. கல்வி சார்ந்த விவாதம். உணர்ச்சிவசப்படாதீங்க” என்று பதில் வந்தது. “அந்தம்மாவுக்குப் புரியாது, விடுங்க லா” என்றார் இன்னொருவர். சாயங்காலம் பார்த்தால் என் பேச்சைக் காணோம். குழுவுக்கு அட்மின் அவன்தான், அழித்துவிட்டான். அவன் எழுதியது அப்படியே இருந்தது.

நான் துணி மடிக்கப் போய்விட்டேன். கிழவி மறந்துவிட்டாள் என்று நினைத்திருப்பான். எனக்கு என்ன அவசரம்?

தேர்தல் முடிந்து, அவன் மகளுக்குக் கல்யாணம் கூடியது. எங்கள் தோட்டத்துச் சனங்களுக்கு ஒரு முறை உண்டு. தாய் ஸ்தானத்தில் இருக்கிறவர் முதல் தட்டை வாங்கிக்கொள்ளாமல் வேறு எந்த வீட்டுக்கும் அழைப்பு வைக்கக் கூடாது. அவன் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆகவே முதல் தட்டு எனக்கு.

பெண்சாதியோடு வந்தான். “பெரியம்மா, பசியாறிட்டீங்களா?” என்று சிரித்தான். காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு இருவரும் எழுந்து நின்று தட்டை நீட்டினார்கள். நான் கையை நீட்டவில்லை.

“வாங்கிக்கிறேன். அதுக்கு முன்ன ஒன்னு படிச்சுக் காட்டு. எங்க வீட்டுக்காரரப் பத்திக் குழுவுல எழுதினியே, அது. உன் போன்லயே இருக்கும்.”

“அது பழசு லா, பெரியம்மா. அரசியல்.”

“படி தம்பி. வாய் வலிக்காது.”

தட்டைப் பெண்சாதி கையில் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தான். என் போன் மடியில் இருந்தது. மைக்கை அழுத்தி மேலே தள்ளினேன்.

ஆரம்பத்தில் மேடையில் பேசுவதுபோல் படித்தான். ‘வாங்கித் தின்று’ வந்ததும் குரல் உள்ளே போய்விட்டது.

“கேக்கல. இன்னொரு தடவ.”

படித்தான். அவன் பெண்சாதி, “உங்கம்மா அவரப் பத்தி நல்லவிதமா கதை கதையா சொல்வாங்களே, அவரையா இப்படி எழுதினீங்க?” என்றாள்.

“நீ பாத்தியா?” என்றேன்.

“இல்ல பெரியம்மா.”

“யாராச்சும் சொன்னாங்களா?”

“இல்ல. அந்தப் பக்கத்து ஆளுங்க வாய அடைக்க ஒரு உதாரணம் வேணும்னு…”

“பொய்யின்னு குழுவுல எழுது.”

“எழுதறேன். கல்யாணம் முடியட்டும். இப்ப எழுதினா என்னைக் கிழிச்சிருவாங்க.”

“நீ ஏன் சிரமப்படறே” என்று சொல்லிவிட்டு, அனுப்புகிற அம்பைத் தொட்டேன். அவன் கையிலிருந்த போன் டிங் என்றது. பார்த்தான். குழுவில் அவன் குரலே வந்திருந்தது. அப்புறம் எழுந்து, ரெண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டேன். “புள்ள நல்லா இருக்கட்டும்” என்றேன். அதை மனசாரத்தான் சொன்னேன்.

வாசலிலேயே நின்று அழித்துப் பார்த்தான். அதற்குள் பல பேர் அதை எடுத்து வேறு போன்களுக்கு அனுப்பிவிட்டார்கள். எதிர்ப்பக்கத்து விரிவுரையாளர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, “அம்மா, நல்லா குடுத்தீங்க. இன்னும் ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க” என்றார். “ஒங்களுக்காக நான் செய்யல. போன வைங்க” என்றேன்.

மறுநாள் குழுவில் அவனே எழுதினான்: ‘கிளைத் தலைவரைப் பற்றி நான் எழுதியதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அவர் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.’ அதை ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் வீட்டுக்காரர் படத்துக்கு முன்னால் நின்று சத்தமாகப் படித்தேன்.

கல்யாணத்துக்குப் போனேன். முன்வரிசையில் உட்கார்ந்தேன். குழுவில் இருந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் மண்டபத்தில் இருந்தார்கள். அவன் எல்லார் முன்னாலும் என் காலில் விழுந்தான். ஆசீர்வாதம் பண்ண ஒரு நிமிஷம் போதும். நான் அவன் தலையில் வைத்த கையை எடுக்காமல், ஒவ்வொரு குலசாமியாக மெதுவாகக் கூப்பிட்டு வேண்டிக்கொண்டேன்.