ராணி அக்கா நிரப்பிய தோட்டாக்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ராணி அக்காவை என் வீட்டுக் கெல்லரிலிருந்து, அதாவது நிலவறையிலிருந்து, வெளியே போகச் சொன்னேன். சத்தம் போட்டுத்தான் சொன்னேன்.

அந்தக் கதை ஹம்பேர்க்கில் கிளம்பி டுசல்டோர்ஃப் வரை போய்விட்டது. அங்கே, நான் அவருக்குத் துவக்கை நீட்டினேன் என்று பேசிக்கொள்கிறார்களாம். நீட்டவில்லை. துவக்கு அலுமாரிக்குள் பூட்டி இருந்தது. நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

முதலில், புதிதாகப் படிப்பவர்களுக்கு. நான் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்கிறவள். ஓய்வு நாட்களில் துப்பாக்கி சுடும் கழகத்துக்குப் போய்த் துவக்குச் சுடுகிறேன். நூறு மீற்றர் தள்ளி ஒரு கடதாசி. அதில் ஓட்டை போடுவது. அவ்வளவுதான். "துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம், இஞ்ச வந்து காசு கட்டிச் சுடுறியளோ?" என்று கேட்கிறவர்கள் இனிக் கேட்க வேண்டாம். ஓடிவந்தபோது துவக்கு மற்றவன் கையில் இருந்தது, எதிரே நான் நின்றேன். இப்போது என் கையில் இருக்கிறது, எதிரே கடதாசி நிற்கிறது. இந்த வித்தியாசம் புரியாவிட்டால் நான் என்ன செய்ய?

வேறு சிலர் கேட்கிறார்கள் — குறி தவறாமல் சுடக் கண் நன்றாக இருக்க வேண்டுமா? நான் கண்ணாடி போடுகிறவள். கை நடுங்கக் கூடாதா? எல்லோருக்கும் நடுங்கும். அதனால்தான் படுத்துக்கொண்டு, முன்னால் மணல் பை வைத்துச் சுடுகிறோம். குறி என்பது வீரம் இல்லை. ஒரே வேலையை ஒரே மாதிரித் திரும்பச் செய்வது. மூச்சு ஒரே மாதிரி, விரல் ஒரே மாதிரி, கன்னம் துவக்கில் படுகிற இடம் ஒரே மாதிரி. நாள் முழுக்கக் கட்டில் விரிப்பு மடிக்கிறவளுக்கு இது பெரிய வித்தையா?

மிச்சம் தோட்டா. கடைத் தோட்டா மோசமில்லை, ஆனால் என் துவக்குக்கு ஒத்துவரவில்லை. ஓட்டைகள் கடதாசி முழுக்க மேய்ந்தன. அதனால் வீட்டிலேயே நிரப்பத் தொடங்கினேன். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கோதை எறியாமல் எடுத்து, துப்புரவாக்கி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து, பின்பக்கம் தீப்பற்றவைக்கும் புதுப் பிரைமர் வைத்து, உள்ளே வெடிமருந்து போட்டு, வாயில் சன்னத்தை, அதாவது குண்டை, அழுத்துவது. கேட்க இடியப்பம் பிழிவதுபோல் இருக்கும். அப்படி நினைத்துத் தொடங்காதீர்கள். ஜேர்மனியில் இதற்கு வகுப்புக்குப் போக வேண்டும், சோதனை எழுத வேண்டும், பிறகு அனுமதி வாங்க வேண்டும். அதுவரை மருந்து டப்பாவைத் தொடக் கூடாது. இன்டர்நெட்டில் முகம் தெரியாத ஒருவன் சொன்ன அளவை நம்பக் கூடாது. அச்சிட்ட அட்டவணையில் உள்ள குறைந்த அளவில்தான் தொடங்க வேண்டும்.

வகுப்பில் சொன்ன முதல் விதி — நிரப்பும்போது கதவைப் பூட்டு. பேச்சு வேண்டாம், போன் வேண்டாம், றேடியோ வேண்டாம். ஜேர்மன்காரர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்க்காமல் ஆட்டினேன்.

அன்று கெல்லரில் மேசை மீது பலகையை வைத்து, அதில் கோதுகளை வரிசையாக நிறுத்தியிருந்தேன். ஒவ்வொரு பங்கு மருந்தையும் தராசில் நிறுத்து, புனல் வைத்து ஊற்றிக்கொண்டு வந்தேன். பாதி வரிசை முடிந்தது. மேலே மணி அடித்தது. என் கணவர் செல்வன் கதவைத் திறந்தார்.

ராணி அக்காவும் அவருடைய கணவரும். மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், அவளுடைய சாமத்தியச் சடங்குக்குச் சொல்ல வந்திருக்கிறார்கள். இப்படியான காரியத்தை நேரில் வந்துதான் சொல்ல வேண்டும். வருவதற்கு முன் போன் எடுப்பதும் கிடையாது. ஆண்கள் இருவரும் மேலே சோபாவில் அமர்ந்தார்கள். ராணி அக்கா என்னைத் தேடிக் கீழே இறங்கிவிட்டார். கெல்லர்க் கதவை நான் பூட்டியிருக்கவில்லை.

"என்னடியப்பா, நிலத்துக்குக் கீழ குடியிருக்கிறீரோ?"

ராணி அக்கா யார் என்று சொல்ல வேண்டும். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி விடுதியில் இருவருக்கும் ஒரே குசினியில்தான் சமையல். எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்தவர் அவர். இந்த ஊரில் எனக்குச் சொந்தம் என்றிருப்பது அவர் ஒருவர்தான்.

"மேல வாங்கோ அக்கா, தேத்தண்ணி போடுறன்."

"நீர் போம். எனக்கு முழங்கால் நோகுது. கொஞ்சம் இருந்திட்டு வாறன்."

போனேன். அவரை அங்கே விட்டுவிட்டுப் போனது என் பிழை. எழுதிவிட்டேன். இனி மற்றவர்களின் பிழைக்கு வருகிறேன்.

தேத்தண்ணி ஊற்றிவிட்டுக் கூப்பிட இறங்கினால், ராணி அக்கா என் கதிரையில் இருக்கிறார். ஒரு கையில் புனல். மறு கையில் மருந்துக் கரண்டி.

"பாவம் நீர், தனியக் கிடந்து மாயுறீர். மிச்சத்தை நான் போட்டுவிட்டன்."

"எந்தக் கோதுக்கு அக்கா?"

"எல்லாத்துக்கும்தான். நீர் போட்டதுகளும் அரைவாசிதான் இருந்தது. அதுகளுக்கும் கொஞ்சம் கொஞ்சம் போட்டன். என்ன, கஞ்சத்தனமாப் போடுறீர்?"

எங்கள் ஆட்களுக்கு ஒருவர் வேலை செய்யும்போது பக்கத்தில் சும்மா இருக்க வராது. வெங்காயம் இருந்தால் வெட்டுவார்கள், பாத்திரம் இருந்தால் கழுவுவார்கள். அரைவாசி நிரம்பியதைப் பார்த்தால் கை பொறுக்காது. ஆனால் என் கோது அரைவாசிதான் நிரம்ப வேண்டும். அதன்மேல் இன்னொரு பங்கு போட்டாலும் வழியாது. அதுதான் ஆபத்து. சன்னத்தை அழுத்தி மூடிவிட்டால் எது நல்லது, எது கெட்டது என்று வெளியே இருந்து தெரியாது. சுடும்போது தெரியும். அப்போது துவக்கில் என் கன்னம் இருக்கும்.

பலகையை எடுத்தேன். ஒவ்வொரு கோதாகக் கவிழ்த்துக் கொட்டினேன்.

"என்ன செய்யிறீர்? நான் தொட்டது தீட்டோ?"

"எழும்புங்கோ அக்கா! வெளியில போங்கோ! இனி இதுக்குள்ள கால் வைக்கக் கூடாது!"

போனார். தேத்தண்ணி குடிக்கவில்லை. சடங்குக்கான அழைப்புக் காட்டையும் தரவில்லை.

அன்றிலிருந்து எனக்கு உபதேசம். மன்னிப்புக் கேள் என்று ஊரே சொல்கிறது. செல்வன் சொன்னார்: "ஆசையாச் செய்த மனிசி. ஒரு சொறி சொன்னாக் குறைஞ்சு போவீரோ?" என்ன மன்னிப்பு? என் கண்ணைக் காப்பாற்றியதற்கா? ஆனால் நித்திரை வரவில்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நான் செய்தது சரி. சரியாக இருந்துகொண்டே ஒரு மனிசியை இழக்கலாம் என்பது அப்போதுதான் விளங்கியது.

கழகத்தில் ஹோர்ஸ்ட் என்ற சிநேகிதரிடம் சொன்னேன். கோதுகளில் மருந்து கூடிய இடம் வரை அமைதியாகக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி. "முன்கூட்டியே நேரம் குறிக்காமல், டெர்மின் இல்லாமலா வந்தார்கள்?" அதுதான் அவருக்கு அதிர்ச்சி.

புதன்கிழமை போன் அடித்தது. ராணி அக்கா.

"நான் சமாதானம் பேச எடுக்கேல்லை. ஒண்டு கேக்க வேணும். இவர் சொல்லுறார், அது வெடிச்சிருக்குமாம். உண்மையோ?"

"ஓம் அக்கா. துவக்கே வெடிச்சிருக்கும்."

"உம்மட கையிலயோ?"

"கையிலதான். முகமும் கிட்ட இருக்கும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்ப நீர் எனக்கு அடிச்சிருக்க வேணுமடி."

பிறகு சடங்கு நடக்கும் மண்டபத்தின் பெயரைச் சொன்னார். சடங்கன்று விடியவே வந்து நிற்கச் சொன்னார். அழைப்புக் காட்டை நேரில் கொண்டுவந்து தருவாராம். எப்போது என்று சொல்லவில்லை.

எல்லோரும் என்னைப் பதமாகப் பேசப் பழகச் சொல்கிறார்கள். அன்று நான் பதமாகப் பேசியிருந்தால், ராணி அக்கா இன்னும் இரண்டு கரண்டி போட்டுவிட்டுத்தான் எழும்பியிருப்பார்.