மாமாவின் காலில் வைத்த பூண்டு

முதலில் சொன்னது நான்தான். அதை எழுதிவிட்டு மேலே போகிறேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, திருப்புட்குழியில் இருக்கிறார். காஞ்சிபுரத்தில் பெருமாள் புறப்பாடு என்றால் வாகனத் தண்டுக்குத் தோள் கொடுப்பவர்களில் ஒருவர். செருப்பில்லாமல் தார் ரோட்டில் மணிக்கணக்காக நடக்க வேண்டும். பல வருடச் சர்க்கரையில் பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. வலது சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு புண், மூன்று மாதமாக ஆறவில்லை. என்ன மாத்திரை சாப்பிட்டாலும் அதன்மேல் மஞ்சளாக ஒரு வழவழப்பு திரும்பத் திரும்பப் படிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வாரம் இருமுறை அதைச் சுரண்டிக் கட்டுப் போடுவார்.

பாக்டீரியா கூடிக் கட்டும் அந்த மாதிரி வழவழப்புதான் என் எம்.எஸ்ஸி. பிராஜெக்ட். சும்மா இருப்பேனா? ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டேன்.

“மாமா, பாக்டீரியா ஒண்ணோட ஒண்ணு பேசும், தெரியுமா? வாயால இல்ல. ஒவ்வொண்ணும் ஒரு கெமிக்கல வெளிய விட்டுக்கினே இருக்கும். அது எவ்ளோ சேர்ந்திருக்குதுன்னு பார்த்து, நம்ம ஆளுங்க இத்தினி பேர் வந்துட்டாங்கன்னு கண்டுக்கும். அதுவரைக்கும் கம்முனு இருக்கும்.”

“ஆள் சேராம நாங்க தண்டத் தூக்க மாட்டோம் இல்ல, அந்த மாதிரியா?”

“அதேதான்! சேர்ந்ததும் எல்லாம் ஒண்ணா மேல ஒரு கூடாரம் கட்டிக்கும். அப்புறம் மருந்து உள்ள போவாது. அதுங்க பேச்ச நடுவுல கெடுத்துட்டா கூடாரம் வீக் ஆயிடும். லேப்ல பூண்டுச் சாறு வெச்சுப் பார்த்தேன் மாமா. கூட்டம் சேர்ந்தா ஊதாக் கலர் விடுற ஒரு பாக்டீரியா. சாறு பட்ட எடத்துல கலரே இல்ல. சாவல, ஆனா பேச்சு மூச்சு இல்ல!”

மாமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “உங்க மாமனுக்குக் கொஞ்சம் குடுத்துட்டுப் போயேன்மா. இவரு வாயாச்சும் மூடட்டும்.”

சிரித்தோம். லேப் தட்டில் நடந்தது காலிலும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. நடக்காது என்றும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை மறுபடி போனேன். கருட சேவைக்கு இன்னும் நாலு நாள். வீட்டுக்குள் நுழைந்ததும் பூண்டு வாடை. அதற்கு அடியில் வேறொரு வாடை.

“இந்த வாரம் கட்டு மாத்தப் போனீங்களா மாமா?”

“போவல. டாக்டரம்மா பார்த்தா படுன்னு சொல்லும். தண்டுல என் எடம் பூடும். நீ சொன்னியே, அதத்தான் மாமி அரைச்சு வெச்சுக் கட்டுது. அஞ்சு நாளா. எரியக்கூட இல்லமா, பாரேன்.”

எரிந்தாலும் அவருக்குத் தெரியாது. கட்டை அவிழ்த்தேன். துணியோடு தோலும் வந்தது. புண்ணைச் சுற்றியிருந்த நல்ல தோல் வெந்து கொப்புளித்திருந்தது. நடுவில் மஞ்சள் அப்படியே இருந்தது. சுண்டுவிரல் சாம்பல் நிறம். கணுக்கால் வரை சிவப்பு ஏறி, தொட்டால் சுட்டது.

“ஜுரம் இருக்குதா?”

“லேசா. வெயிலுக்கு.”

ஆட்டோவில் ஏற்றினோம். வழியில் மாமி என் முகத்தைப் பார்க்காமல், “படிச்ச பொண்ணு சொல்லுதேன்னுதானே வெச்சேன்” என்றாள்.

டாக்டரம்மா காலைப் பார்த்ததும், “யார் இதை வெச்சது?” என்றார்.

“நான்தாம்மா,” மாமா முந்திக்கொண்டார். “யாரோ சொன்னாங்க.”

“யாரோ இல்ல டாக்டர். நான்தான் சொன்னேன்.” லேப், தட்டு, ஊதா நிறம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பாதியில் நிறுத்தினார்.

“அது கண்ணாடித் தட்டு. இது உணர்ச்சியில்லாத கால். தெரியும்ல?”

“தெரியும்.”

“அப்போ கையுறை போட்டுட்டு இந்தக் காலைப் பிடி. ரத்தம் கசியற சதை உயிரோட இருக்கு. கசியாதது போயாச்சு. நிறையப் போயிருந்தா முன்பாதத்தையே எடுக்க வேண்டி வரும்.”

சுரண்ட ஆரம்பித்தார். மாமா மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தபடி படுத்திருந்தார். மஞ்சளும் சாம்பலும் துணுக்குத் துணுக்காக வந்தன. பாத ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்து, பரவியது. நான்காம் விரலின் அடியில் வெகுநேரம் ஒன்றுமில்லை. டாக்டரம்மா இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனார். கசிந்தது. சுண்டுவிரலில் மூன்று இடத்தில் பார்த்தார். மூன்றிலும் வெளுப்புதான்.

“இன்னாமா, கம்முனு கீற?” மாமா தலையைத் தூக்காமல் கேட்டார். “ரத்தம் வருதா?”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அவர் சொல்லப் போவதில்லை.

“நாலு விரலுக்கு வருது மாமா. சுண்டுவிரலுக்கு வரல. அத எடுத்துடுவாங்க. கருட சேவைக்கு நீங்க போவ முடியாது.”

என் பிடியில் அந்தக் கால் கனத்தது.

“விட்டுடாத,” என்றார் டாக்டரம்மா. “இன்னும் முடியல.”