துவக்கில் பூட்டிய வெளிச்சம்

மலேசியாவில், கிள்ளான் பட்டணத்தில், நகைக்கடை வாசலில் துவக்கோடு இருக்கிற காவலாளியிடம் சனம் வழி கேட்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி, மடியில் பம்ப் கன், கையில் பொலித்தீன் பையில் கட்டிய ஐஸ் தேத்தண்ணி. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி அவருடைய தோளைத் தட்டி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டாள். அவர் தாடையால் திசை காட்டிவிட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார். நான் முதல்முதல் இதைப் பார்த்த நாளிலேயே தெருவைக் கடந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விட்டேன். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஏன் என்று விளக்கத் தேவையில்லை. ஆறு வருஷமாகியும் நான் மற்றப் பக்கத்தால்தான் போகிறேன். அப்படிப்பட்டவனுக்கு வேலை கிடைத்த இடத்தைப் பாருங்கள், ஒரு காவல் கொம்பனி!

நான் ரேடியோ திருத்துகிறவன். கொம்பனியின் வாக்கிடாக்கி, அலாரம், பற்றரி எல்லாம் என் தலையில். முதலாளி ஞானசேகரத்தின் தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிளாக்கராக வந்தவர். அந்த உரிமையில் என்னைக் காண்கிறவர்களுக்கெல்லாம் "நம்ம ஊரு ஆளு லா" என்று சொல்லுவார். நம்ம ஊர் ஆளின் பாஸ்போட் அவருடைய இரும்பு அலுமாரிக்குள் இருந்தது. கேட்டால், "உங்க ரூம்ல இருந்தா தொலைஞ்சிடும், இங்க பத்திரமா இருக்கு லா" என்பார். பாஸ்போட்டுக்குப் பதிலாக என் சட்டைப்பையில் அதன் போட்டோகொப்பி. வேலை பெர்மிட் நான் சொல்லப்போகிற மாசத்தின் கடைசியோடு முடிகிறது. அவர் கையெழுத்து வைக்காவிட்டால் நான் கள்ளக்குடியேறி, திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்த மாசம் பார்த்துத்தான் அவர் என் மேசையில் இரண்டு விளக்குகளை வைத்தார். துறைமுகப் பக்கத்துக் கிடங்குகள் சிலவற்றின் காவல் எங்களுக்குக் கிடைத்திருந்தது. ஜன்னலே இல்லாத கட்டடங்கள், பட்டப்பகலிலும் உள்ளே கும்மிருட்டு. துவக்கைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும், ரோர்ச் லைற் பிடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? ஆகவே விளக்கைத் துவக்குக் குழலின் அடியில் பூட்டவேண்டும். எதைப் பூட்டுவது என்று நான் சொல்லவேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையை ருசித்துத்தான் செய்தேன். கூட்டுக்கு முனியாண்டி அண்ணை. இந்த நாட்டிலேயே பிறந்த செந்தூல்காரர், பழைய பட்டாளத்து ஆள். வெளிநாட்டுக்காரன் நான் துவக்கைக் கையில் எடுக்கக்கூடாது என்பதால் அவர் பிடித்துக்கொள்ள நான் திருகாணி முடுக்குவேன். சாதாரண ரோர்ச்சைக் கவ்வியால் இறுக்கிப் பார்த்தோம். சுடுதிடலில் இரண்டு வெடி வைத்ததும் உதைப்பில் குமிழின் இழை அறுந்துபோனது. அழுத்தினால் எரிந்து, விட்டால் அணைகிற சுவிச்தான் நல்லது. எந்நேரமும் எரிந்தால் காவலாளி தன் இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கிறார். வெள்ளைச் சுவருக்குக் கிட்ட நின்று அடித்தால் சொந்தக் கண்ணே கூசும். காசு வண்டியில் போகிறவர்களின் பிஸ்டலில் விளக்குப் பூட்ட இடமில்லை, பூட்டினாலும் இடுப்பு உறைக்குள் போகாது. அவர்களுக்கு இடது கையில் சின்ன ரோர்ச் போதும் என்று எழுதினேன்.

பம்ப் கன்னுக்கு வந்த இரண்டில் ஒன்றின் வெளிச்சம் ஒடுங்கி வெகுதூரம் போகும். மற்றது அகலமாகப் பரவும், தூரம் போகாது. அகலமானதை நிலத்தில் அடித்தாலே, சீமெந்துத் தரையில் பட்டு எழும்புகிற வெளிச்சத்தில் எதிரே நிற்கிறவரின் முகம் தெரியும். ஒடுங்கியதில் முகம் பார்க்கவேண்டுமென்றால் முகத்துக்கே பிடிக்கவேண்டும். விளக்கோடு குழலும் அங்கே திரும்பும். உள்ளே கூட்டுகிறவர்களும் மூட்டை சுமக்கிறவர்களும் நடமாடுகிறார்கள். யாரென்று பார்க்கத் துவக்கை நீட்டுவது என்ன கோதாரி வேலை!

இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஊரில் எங்கள் சந்தியில் ஒரு ஆமிக் காவலரண் இருந்தது. பின்னேரம் என் ரேடியோக் கடையைப் பூட்டிவிட்டு வரும்போது, தூரத்திலேயே சைக்கிளை விட்டிறங்கி உருட்டவேண்டும். துவக்கோடு கறுப்பு நாடாவால் சுற்றிய ரோர்ச் முகத்தில் அடிக்கும். அதற்குப் பின்னால் நிற்பவன் கிழவனா, பொடியனா, என்னைவிடப் பயந்தவனா, ஒன்றும் தெரியாது. வெளிச்சம் பட்ட பிறகு பைக்குள் கைவிடக்கூடாது. அதனால் சந்திக்கு முன்னாலேயே அடையாள அட்டையை எடுத்து விரலிடுக்கில் வைத்துக்கொள்வோம். எங்கள் சனத்தின் கைக்கு அது பழகிப்போன வேலை.

முதலாளி ஒடுங்கிய விளக்கைத் தன் அறைச் சுவரில் அடித்துப் பார்த்தார்.

"இதுதான். கஸ்டமர் பார்த்தவுடனே மிரளணும் லா."

"ஐயா, அது வேண்டாம். ஆளைப் பாக்க முகத்துக்கு நேரே துவக்கை நீட்டவேணும். மற்றதை எடுங்கோ."

"அதான் வேணும்! திருடனுக்குக் கண்ணு தெரியாது."

"முகம் பாக்கமுதல் திருடன் எண்டு எப்பிடித் தெரியும்?"

அவர் கோபிக்கவில்லை. மேசையில் இரண்டு தாள்களை அருகருகே வைத்தார். ஒன்று, ஒடுங்கிய விளக்கையே டெக்னீஷியன் சிபாரிசு செய்கிறார் என்ற தாள். மற்றது என் பெர்மிட் படிவம். "நீங்க இதுல சைன் போடுங்க, நான் அதுல போடறேன். சிம்பிள் லா."

போட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது, இன்றைக்கும் தின்கிறது. முத்திரை குத்திய பாஸ்போட் திரும்பி வந்து அதே அலுமாரிக்குள் போனது.

எல்லாவற்றையும் பூட்டி முடித்த அன்று பரிசோதனை. காலை பத்து மணி, கதவு சாத்திய கிடங்கு. முனியாண்டி அண்ணை வாசலில் நின்று, துவக்கில் ரவை, தோட்டா ஒன்றும் இல்லை என்று எனக்கு இரண்டு தரம் திறந்து காட்டினார். யாராவது எதிரே போய் நிற்கவேண்டும். துவக்குப் பிடிக்க லைசென்ஸ் இல்லாதவன் நான்தான். மூட்டை அட்டிகளுக்கிடையால் நடந்து கடைசிச் சுவரில் முதுகு முட்ட நின்றேன்.

"ரெடியா தம்பி?"

வெளிச்சம் முகத்தில் அடித்தது. என் இரண்டு கையும் மேலே. வாயிலிருந்து வந்தது காவலரணில் பேசிப் பழகிய சிங்களம். ஐயா, ஐயா என்று அந்தப் பாஷையில் கெஞ்சுகிறேன்.

"அடடா, தம்பி! நான்தான் லா, முனியாண்டி!" அவர் சட்டென்று குழலை நிலத்துக்குத் தாழ்த்திக்கொண்டு ஓடிவந்தார். என் விரலிடுக்கில் இருந்ததை உருவி, அந்த வெளிச்சத்தில் பார்த்தார். சுவருக்கு நடக்கும்போதே என் கை அதை எடுத்திருக்கிறது, எனக்குத் தெரியாது. பாஸ்போட் கொப்பி பையிலேயே இருந்தது. எடுத்தது அதற்குப் பின்னால் வைத்திருந்த பழைய ஊர் அடையாள அட்டையை.

"இது எந்த ஊரு ஐசி? இங்க செல்லாதே."

"தெரியும் அண்ணை."

அவர் விளக்கை அணைத்தார். "சரி, கையை இறக்குங்க தம்பி" என்றார் இருட்டுக்குள்ளிருந்து. வலது கை இறங்கிவிட்டது. அட்டையைப் பிடித்திருந்த கை மேலேயே நின்றது.