அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே உதடு

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். ஊர் என்றால் கொட்டாஞ்சேனை. ஒருகொடவத்தையில் கண்டெய்னர் யார்டில் வேலை செய்கிறவனுக்குக் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். பகல் முழுக்க லொறிகளைப் பார்த்துக் கத்திவிட்டு, வீட்டுக்கு வந்தும் அதே குரலில்தான் தேத்தண்ணி கேட்பேன். அப்படிப்பட்டவனுக்குக் காது சரியாகக் கேட்காத மகளைக் கொடுத்திருக்கிறார் கடவுள். பகிடி விடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

மகளுக்கு இரண்டு காதிலும் மெஷின் உண்டு. அதைப் போட்டால் சத்தம் வரும், சொல் முழுதாக வராது. மிச்சத்தை எங்கள் உதட்டைப் பார்த்துப் பொறுக்கிக்கொள்வாள். பேச்சுப் பழகுவதற்காகச் சனிக்கிழமைகளில் வெள்ளவத்தைக்குக் கூட்டிக்கொண்டு போவோம். அங்கே பயிற்சி கொடுக்கும் இளம் பெண்ணை நாங்கள் ரீச்சர் என்றுதான் கூப்பிடுவோம்.

மகள் முதன்முதலில் வாய் திறந்து சொன்ன சொல்லுக்காக எங்கள் வீட்டில் ஒரு யுத்தமே நடந்தது. நான் அவளைத் தூக்கி வைத்திருந்தேன், மனைவி பக்கத்தில் நின்றாள். பிள்ளை எங்கள் இருவரையும் பார்த்து உதட்டைச் சேர்த்துத் திறந்தது. "அப்பா எண்டு சொல்லிட்டாள்!" என்று நான் துள்ளினேன். "உங்களுக்கும் காது மெஷின் வாங்கோணும். அவள் அம்மா எண்டெல்லோ சொன்னவள்," என்றாள் மனைவி. அன்றைக்கு இரவுச் சாப்பாடு வரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. சனிக்கிழமை வந்ததும் வழக்கு வெள்ளவத்தைக்குப் போனது.

ரீச்சர் தீர்ப்புச் சொல்லவில்லை. எங்களை ஒரு கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினார். "சத்தம் போடாம, வாயால மட்டும் சொல்லுங்கோ. நீங்க அப்பா, நீங்க அம்மா," என்றார். சொன்னோம். கண்ணாடிக்குள் இரண்டு வாயும் ஒரே மாதிரித் திறந்து, ஒரே மாதிரி மூடி, ஒரே மாதிரித் திறந்தன. எனக்குத் தலை சுற்றியது. இத்தனை காலம் தமிழ் கதைத்தும் இது தெரியாமல் போயிற்றே!

"பார்த்தீங்களா? பிள்ளையின்ர கண்ணுக்கு நீங்க ரெண்டு பேரும் ஒரே சொல்தான்," என்று ரீச்சர் சிரித்தார். பிறகு மகளின் விரலை எடுத்து என் மனைவியின் மூக்கில் வைத்தார். அம்மா என்றபோது மூக்கு அதிர்ந்தது. என் வாய்க்கு முன்னால் ஒரு கடதாசித் துண்டைப் பிடித்தார். அப்பா என்றபோது கடதாசி ஆடியது. கடைசியில் இரண்டு சொல்லையும் பெரிதாக எழுதி மகளின் மடியில் வைத்தார். "உதடு ஏமாத்தும், எழுத்து ஏமாத்தாது. பேச்சையும் வாசிப்பையும் ஒண்டாகவே பழக்குவோம்."

அதன்பிறகு எங்கள் வீட்டில் கடதாசித் துண்டு இல்லாத மூலை இல்லை. மற்றப் பிள்ளைகள் காதால் கேட்ட சொல்லைப் பிறகு புத்தகத்தில் கண்டுபிடிப்பார்கள். என் மகள் புத்தகத்தில் கண்ட சொல்லைப் பிறகு எங்கள் வாயில் தேடினாள். பாதையில் ஒரு போர்டையும் விடமாட்டாள். வெள்ளவத்தைக்குப் போகும் காலி வீதியில் பஸ் நெரிசலில் ஊர்ந்து போகும்போது கடைப் பெயர்களை உரக்க வாசித்துக்கொண்டே வருவாள். ஒருமுறை ஒரு பழக்கடையில் 'பலக்கடை' என்று எழுதியிருந்ததைக் கண்டு, அங்கேயே இறங்கித் திருத்த வேண்டும் என்று அடம் பிடித்தாள். பிடிவாதத்துக்கு மட்டும் அவளுக்கு ஒரு பயிற்சியும் தேவைப்படவில்லை, அது என் பக்கத்துச் சொத்து.

அந்த பஸ்ஸில்தான் பல்லி விவகாரமும் நடந்தது. அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. "மல்லி, வெள்ளவத்த தெகக்," என்று நான் கொண்டக்டரிடம் சிங்களத்தில் இரண்டு ரிக்கெட் கேட்டேன். மகள் அந்தப் பொடியனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அப்பா, இவர் ஏன் பல்லி?" என்றாள். பஸ் முழுக்கக் கேட்டது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவள் பையைத் திறந்து பாடப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பல்லி, கீழே அதன் பெயர்.

பிறகுதான் விளங்கியது. சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. கடைக்காரன் மல்லி, கொண்டக்டர் மல்லி, யார்டில் என்னோடு வேலை செய்கிற பொடியன்கள் எல்லாம் மல்லி. அத்தனை பேரையும் அப்பா பல்லி, பல்லி என்று கூப்பிடுகிறார், அவர்களும் கோபிக்காமல் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று பிள்ளை இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்! பின் சீட்டில் இருந்த இரண்டு தமிழ்ப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். "மொகத அய்யே?" என்று கொண்டக்டர் கேட்டான். வேறு வழியில்லாமல் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் அடுத்த தரிப்பிடத்தையே தவறவிட்டான். அதற்குப் பிறகு மகளை எங்கே கண்டாலும் பஸ் கம்பியில் இரண்டு கையையும் விரித்துப் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்வான்.

ரிக்கெட்டின் பின்பக்கத்தில் 'மல்லி' என்று எழுதிக் கொடுத்தேன். அவள் மூக்கைத் தொட்டுக்கொண்டு, "ம்மல்லி" என்றாள். வீட்டுக்குப் போனதும் குசினியில் மல்லித்தூள் போத்தலைக் கண்டுவிட்டாள். இனி அதற்கு யார் பதில் சொல்வது? மனைவியிடம் தள்ளிவிட்டு நான் குளிக்கப் போய்விட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. தாய் கதைத்தால் அறையின் அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்வாள். நான் கதைத்தால் கிட்ட வந்து, முகத்தைச் சுளித்து, பிறகு தாயைப் பார்ப்பாள். ரீச்சர் நாசூக்காக ஏதோ சொல்லிப் பார்த்தார். மகளுக்கு நாசூக்கெல்லாம் தெரியாது. "அப்பான்ர சொல்லெல்லாம் மீசைக்குள்ள போகுது," என்றாள்.

இருபது வயதிலிருந்து வளர்த்த மீசை. சலூன்காரர் கத்தியை வைக்க மனமில்லாமல், "பிஸ்ஸுத அய்யே?" என்று கேட்டார். ஓம், பைத்தியம்தான் என்றேன். யார்டில் ஒருவனும் முதலில் என்னை மதிக்கவில்லை. ஆனால் அன்று மாலை வாசலில் நின்று, கத்தாமல், "இண்டைக்கு என்ன படிச்சனீங்க மகள்?" என்று கேட்டேன். கட்டிலில் இருந்தபடியே, "ஆமை," என்றாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் அந்த மீசை போனது மயிரளவும் பெரிதாகப் படவில்லை.

இந்த வருடம் மகளுக்குப் பத்து வயது. எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கான திருப்பலிப் பூசை. மன்றாட்டுகளை மைக்கில் வாசிக்க யார் விருப்பம் என்று மறைக்கல்வி சிஸ்டர் கேட்க, என்னுடையது கையைத் தூக்கிவிட்டது. சிஸ்டர் நல்ல மனுஷி. "நீங்க மெழுகுதிரி பிடிங்கோ மகள், வடிவா இருக்கும்," என்றாராம். "மெழுகுதிரி பிடிக்க வாய் தேவையில்ல சிஸ்டர். எனக்கு வாய் இருக்கு," என்றாளாம் மகள்.

சிஸ்டர் வீடு தேடி வந்தார். "சனத்துக்கு விளங்காட்டி பிள்ளையின்ர மனம் உடைஞ்சு போகுமே," என்றார். உண்மையில் எனக்கும் அதே பயம். மகளின் பேச்சு கொஞ்சம் மூக்கால் வரும், ழகரம் வழுக்கும். எங்களுக்கு எல்லாம் விளங்கும், வெளியாட்களுக்குப் பாதிதான். கோவில் நிறைந்த சனத்துக்கு முன்னால் யாராவது சிரித்துவிட்டால் அவள் அதோடு வாயை மூடிவிடுவாள், மறுபடி திறக்க வைக்க எந்த ரீச்சராலும் முடியாது. என் பிள்ளையை எனக்குத் தெரியாதா? "அவள் கேட்டது மைக்கைத்தான். எங்கட பயத்தைக் கேக்கேல்ல," என்று மனைவி ஒரே வசனத்தில் முடித்தாள்.

கடதாசித் துண்டுகள் மறுபடி வெளியே வந்தன. ஒவ்வொரு மன்றாட்டின் முடிவிலும் சனம் எல்லாரும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்று சொல்வார்கள். பிறகுதான் அடுத்ததைத் தொடங்க வேண்டும். கோவிலின் எதிரொலியில் அவள் காதுக்கு அது வெறும் இரைச்சல். முடிந்தது எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கேட்டருளும் எண்டா கடைசியில எல்லாற்ற வாயும் மூடும்தானே. நான் பார்ப்பன்," என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

அந்த ஞாயிறு ஒரு முக்காலியில் ஏறி மைக்குக்கு முன்னால் நின்றாள். மழை வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கான மன்றாட்டை வாசித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். நிதானமாகத்தான் வாசித்தாள். சனம் பதில் சொன்னது. அடுத்தது வரவில்லை. கோவில் அமைதியானது. யாரோ இருமினார்கள். சிஸ்டர் பாதி எழுந்துவிட்டார். முடிந்தது கதை, பயத்தில் எல்லாம் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அப்போது மைக்கில் அவள் குரல் வந்தது. "எல்லாரும் தலையக் குனிஞ்சா எனக்குத் தெரியாது. நிமிர்ந்து சொல்லுங்கோ."

கோவில் முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. என்ன சொல்கிறாள் என்று ஒருவரும் பக்கத்தில் இருந்தவரைக் கேட்கவில்லை. எல்லாருக்கும் விளங்கியிருந்தது! எல்லாருக்கும்! சனம் அவளைப் பார்த்து, வாயை நன்றாகத் திறந்து, இன்னொரு தடவை பதில் சொன்னது. அவள் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். வாய்கள் மூடின. அப்படியும் அவள் அடுத்ததைத் தொடங்காமல் என்னையே பார்த்தாள். நான் பிள்ளை மாதிரி வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தேன்.

"அப்பா, வாய மூடுங்கோ," என்றாள் மைக்கில்.

கோவிலே வெடித்துச் சிரித்தது. அவளும் சிரித்தாள். நான் வாயை மூடினேன், அவள் இரண்டாவது மன்றாட்டை வாசிக்கத் தொடங்கினாள்.